கறிப்பலா மரத்தில் கட்டிய துணி

பஸ் நின்றபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது.

எங்கள் ஊரிலிருந்து தலைநகர் ஆப்பியாவுக்குப் போகும் அந்த மரக்கூண்டு பஸ்ஸை ஓட்டுவது என் புருஷன் நெமீயா. பெற்ற பிள்ளையைக் குளிப்பாட்டுகிறானோ இல்லையோ, பஸ்ஸைத் தினமும் குளிப்பாட்டிவிடுவான். அது ஒரு நாளும் வழியில் நின்றதில்லை. அப்படிப்பட்ட பஸ், என் மகள் மெலேக்குத் தட்டம்மை ஊசி போட நான் கிளம்பிய அன்றைக்குப் பார்த்து மலையேற்றத்தில் மூச்சை விட்டது.

நெமீயா இறங்கி, என்ஜின் மூடியைத் திறந்து, உள்ளே தலையை விட்டுக்கொண்டு நின்றான்.

"என்னய்யா ஆச்சு?" என்றேன்.

"தெரியல. பஸ்ஸுக்கும் அம்மை வந்துடுச்சோ என்னவோ. தொடாத, ஒட்டிக்கும்."

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெயிலில் நின்று நின்று மெலே அழ ஆரம்பித்ததும் எதிரே வந்த ஒரு வண்டியில் ஏறி வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். அன்று சாயங்காலமே பஸ் ஒன்றுமே நடக்காததுபோல் வாசலில் வந்து நின்றது. இதை இவன் தானாகச் செய்திருக்க மாட்டான், அவ்வளவு யோசிக்கிற ஆளில்லை, இவன் அக்காள் சொல்லிக் கொடுத்திருக்கிறாள் என்று எனக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன்.

அவன் அக்காள் செலேபா எங்கள் வீட்டிலேயே இருப்பவள். புருஷனை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். எங்கள் சமோவாவில் அக்காள் வாய் திறந்தால் தம்பி வாய் மூட வேண்டும், அது முன்னோர் போட்ட உடன்படிக்கை. கட்டிக்கொண்டு வந்தவளுக்கு அந்த வரிசையில் கடைசி இடம். சாப்பிட உட்கார்வதும் கடைசி, பேசுவதும் கடைசி. எனக்கோ வாய் கொஞ்சம் நீளம். அதனால் செலேபாவுக்கும் எனக்கும் பூனையும் எலியும்தான், யார் பூனை என்பது மட்டும் நாளுக்கு நாள் மாறும்.

செலேபா எதையும் நம்ப மாட்டாள். டப்பா மீனைத் திறந்தால் முதல் துண்டு பூனைக்கு. பூனை கொஞ்ச நேரம் உயிரோடு நடமாடினால்தான் எங்களுக்குச் சோறு. பாதிரியார் ஞாயிற்றுக்கிழமை ஒரு வசனம் சொன்னால் வீட்டுக்கு வந்து பைபிளைப் புரட்டி, அது அங்கே இருக்கிறதா என்று பார்ப்பாள். இப்படிப்பட்டவள் ஊசியை நம்புவாளா? போன வருஷம் வேறொரு தீவில் மருந்தை மாற்றிக் கலந்து இரண்டு பச்சைக் குழந்தைகள் போய்விட்டன. அதோடு பல மாதம் நாடு முழுக்க ஊசியே போடவில்லை. அந்தச் சமயத்தில் பிறந்தவள்தான் மெலே. ஊசி திரும்ப வந்த பிறகும் செலேபா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"கலக்கறது யாரு? எந்தக் கை? அது தெரியாம புள்ளைய நீட்டச் சொல்றியா?"

"எல்லாரும் போடறாங்க அண்ணி."

"எல்லாரும் போறாங்கன்னு பன்னிக்கூட்டம்கூடத்தான் பின்னாலயே போகும், அடுப்பு வரைக்கும்."

நானும் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். பிறகு அம்மை வந்தது. முதலில் ரேடியோவில் வந்தது, அப்புறம் பக்கத்து ஊரில், அப்புறம் எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி. ஊர்ச்சபை கூட்டம் கூடாதே என்றது, பள்ளிக்கூடத்தை மூடினார்கள். ஆனால் சாவு வீட்டுக்குப் போகாமல் இருக்க எங்கள் ஆட்களுக்குத் தெரியாது. பக்கத்து ஊரில் ஒரு குழந்தை போனபோது நெமீயா சாவு வீட்டுச் சீராகப் பாய் ஒன்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போனான். கைநிறையப் பன்றிக்கறியோடு திரும்பினான்.

"அங்க எத்தனை பேர் தும்மினாங்க?" என்று கேட்டேன்.

"எண்ணல. பாட்டு நல்லா இருந்துச்சு."

அவனிடம் எதைக் கேட்டாலும் இப்படித்தான். புயல் வந்து கூரை பறந்தபோதும், நட்சத்திரம் நல்லாத் தெரியுது என்று சொன்னவன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வீட்டில் ஒருத்தி எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறாள், ஒருத்தன் எதையும் மனதில் போட்டுக்கொள்வதில்லை, நடுவில் நான் ஒருத்தி மெலேயின் காதுக்குப் பின்னால் சிவப்புப் புள்ளி வந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பஸ் நின்ற அதே வாரம் ஒரு நாள் துணி துவைத்துவிட்டு வந்து மெலேயைத் தூக்கினால், தலை ஈரமாக இருந்தது. தேங்காயெண்ணெயும் நுணா இலையும் கலந்த வாசனை. எங்கள் ஊரில் அந்த வாசனை ஒரே இடத்திலிருந்துதான் வரும். மலையடிவாரத்தில், எண்ணெய் தேய்த்து உருவிவிடும் நாட்டு வைத்தியனின் குடிசை. அம்மையைத் தண்ணீர் தெளித்து இறக்குகிறேன் என்று அந்த ஆள் சொல்லிக்கொண்டிருந்தான். வீட்டில் செலேபாதான் பாய் முடைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி, புள்ள தலையில என்ன வாசனை?"

"என்னை ஏன் கேக்கற? மூக்கு உன்கிட்டதான் இருக்கு."

"யார் தூக்கிட்டுப் போனது?"

அவள் ஓலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "நானும் அதைத்தான் யோசிச்சிட்டிருக்கேன்" என்றாள். எவ்வளவு கல்லுளிமங்கத்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் ரேடியோவில் அறிவிப்பு வந்தது. இரண்டு நாளைக்கு நாடே மூடியிருக்கும், வண்டி ஓடக்கூடாது, யாரும் வெளியே போகக்கூடாது. ஊசி போடாத ஆள் இருக்கிற வீட்டு முன்னால் சிவப்புத் துணி கட்ட வேண்டும். விடிந்ததும் நர்சுகள் வண்டியில் வீடு வீடாக வருவார்கள், துணி இருக்கிற வீட்டில் மட்டும் நிற்பார்கள்.

எனக்கு உயிர் வந்தது. பஸ்ஸும் வேண்டாம், யார் தயவும் வேண்டாம். மகளிர் சங்கச் சீருடையான என் சிவப்பு இடுப்புத்துணியை எடுத்துக்கொண்டு போய், சாயங்கால ஜெபம் முடிந்த கையோடு, ரோட்டோரக் கறிப்பலா மரத்தின் தாழ்ந்த கிளையில் கட்டினேன். நெமீயா பார்த்துவிட்டு, "ரக்பி ஆட்டம் எதுவும் இருக்கா? எந்த டீமு?" என்றான்.

செலேபா எழுந்து மரத்தடிக்குப் போனாள். கட்டின இடத்தில் கையை வைத்து என்னவோ செய்தாள்.

"என்ன அண்ணி பண்றீங்க?"

"முடிச்சு சரியில்ல. காத்துல போயிடும்."

போனால் நல்லது என்றுதானே உனக்கு, என்று நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, அவள் உள்ளே போன பிறகு நானும் போய்த் துணியை இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. ஆனாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

விடிகாலையில் கண் விழித்தபோது கொசுவலைக்குள் மெலே இல்லை. அவள் படுத்திருந்த இடம் ஆறிப் போயிருந்தது. எங்கள் வீட்டுக்குச் சுவர் கிடையாது, தூண்களும் தட்டிகளும்தான். அதனால் ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது, செலேபாவின் பாயும் காலி. நெமீயாவின் பாயும் காலிதான், ஆனால் அவனை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. பஸ்ஸைக் கழுவப் போயிருப்பான். தட்டியைத் தூக்கி ரோட்டைப் பார்த்தேன். கறிப்பலாக் கிளை வெறுமையாக இருந்தது.

மரத்தடியில் செலேபா நின்றிருந்தாள். கையில் பிள்ளை இல்லை.

ஓடினேன். புருஷனின் அக்காளிடம் எப்படிப் பேச வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்ததெல்லாம் அந்த நாலடிக்குள் மறந்துபோனது.

"புள்ளைய எங்க வெச்சிருக்கீங்க?"

அவள் திரும்பிப் பார்த்தாள். "என்ன?"

"நடிக்காதீங்க. துணிய அவுத்ததும் நீங்கதான், புள்ளைய அந்த வைத்தியன்கிட்ட தூக்கிட்டுப் போனதும் நீங்கதான், பஸ்ஸ நிக்க வெச்சதும் நீங்கதான். எம் புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சு, இந்த வீட்டுப் படிய நான் மிதிக்க மாட்டேன்."

சொல்லிவிட்டேன். இந்த ஊரில் ஒரு மருமகள் இப்படிப் பேசினால் மூட்டையைக் கட்டிப் பிறந்த ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். செலேபா அடிப்பாள் என்று நினைத்தேன். அவளோ காலியான கிளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புள்ளையும் இல்லியா?" என்றாள் மெதுவாக.

"நீங்கதானே..."

"ஏ லூப்பே, நில்லு. நான் அவுக்கணும்னா நேத்தே உன் கண்ணு முன்னால அவுத்திருப்பேன். எனக்கு யார்கிட்ட பயம்? நான் வண்டிக்காகத்தான் நிக்கறேன். கேக்க வேண்டியது நெறைய இருக்கு. மருந்துப் பாட்டில என் கண்ணால பாக்கணும், கலக்கறத என் கண்ணால பாக்கணும், முதல்ல என் கையில குத்தணும். அதுக்கு நீட்டி நிமிர்ந்து தூங்கிட்டு இருக்க முடியுமா? ஓடைக்குப் போய் மூஞ்சி கழுவிட்டு வர்றதுக்குள்ள வண்டி போயிடுச்சு. துணி எங்கன்னு பாக்கறேன், காணோம்."

"வண்டி போயிடுச்சா?"

"அந்தக் கோடி வரைக்கும் போய்ட்டு இதே வழியாத்தான் திரும்பணும். வேற ரோடு ஏது? அதுக்குள்ள புள்ள வந்தாகணும்."

அவள் கிளையைத் தொட்டுக் காட்டினாள். "நேத்து நான் போட்டது எங்க அப்பன் தோணிக்குப் போடற முடிச்சு. காத்துல அவுராது. இழுத்தா இறுகும். அதை அவுக்கத் தெரிஞ்சவங்க ரெண்டே பேருதான். ஒருத்தி நான்."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நம்பவில்லை. அவனா? புயலில் நட்சத்திரம் பார்க்கிறவனா? ஆனால் பஸ் நின்றது, ஈரத்தலை, காலியாகக் கிடந்த அவன் பாய் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து வரிசையில் நின்றன. இத்தனை நாளும் நான் தப்பான ஆளைக் காவல் காத்திருக்கிறேன்.

"எங்க போயிருப்பான்?" என்றேன்.

"சேம்புக் கொல்லைக் குடிசைக்கு. எங்க அப்பனுக்குக் கால் ஒடைஞ்சு எலும்பு வெச்சுக் கட்டினாங்க பாரு, இவன் சின்னப் பையன், அப்பவும் அங்கதான் போய் ஒளிஞ்சான். சாயங்காலம் வந்து, கால் எப்படி இருக்கு, நடனமாடலாமான்னு கேட்டான். ஊரே சிரிச்சுது. எனக்குத் தெரியும், அழுதழுது கண்ணு ரெண்டும் வீங்கியிருந்துச்சு."

பேசிக்கொண்டே அவள் நடக்க ஆரம்பித்திருந்தாள். வீட்டுக்குப் பின்னாலிருந்து மலைப்பக்கம் போகிற ஒற்றையடிப்பாதை. பனியில் சேம்பிலைகள் நனைந்து கிடந்தன. எனக்கு முன்னால் அந்தக் கனத்த உடம்பு அவ்வளவு வேகமாக ஏறும் என்று நான் நினைத்ததே இல்லை. குடிசை கண்ணில் பட்டதும் நான் கத்தப் போனேன். செலேபா கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"நீ கூப்பிட்டா இன்னும் உள்ள போவான். நான் கூப்பிட்டா வந்துதான் ஆகணும்."

பாதையில் நின்றபடியே, அதட்டாமல், சாப்பிடக் கூப்பிடுவதுபோல அவன் பெயரைச் சொன்னாள். "நெமீயா. கீழ வா."

அவன் வெளியே வந்தான். மார்பில் மெலே. குளிருக்கு அவளைச் சுற்றியிருந்தது என் சிவப்புத்துணி. பிள்ளை நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது. நான் பிடுங்கிக்கொண்டேன். அடிக்கவும் செய்தேன், தோளில், முதுகில், கை பட்ட இடத்தில். அவன் தடுக்கவில்லை.

"பஸ்ஸ நீதான் நிக்க வெச்சியா?"

"ம்."

"வைத்தியன்கிட்ட?"

"ம். தண்ணிதானே. தண்ணில என்ன ஆயிடும்."

"ஏய்யா? அந்தப் பக்கத்து ஊர்ப் புள்ளைய நீதானே பாய் எடுத்துட்டுப் போய்ப் பார்த்த? பார்த்துட்டுமா?"

அவன் அக்காளைப் பார்த்தான். அவள் முன்னால் பொய் சொல்ல அவனால் முடியாது.

"பார்த்தேன். அதனாலதான். பெட்டி எவ்வளவு சின்னது தெரியுமா லூப்பே? பஸ் சீட்டுல வெச்சிடலாம்." மூக்கைத் துடைத்துக்கொண்டான். "அம்மை வந்து புள்ள போனா அது கடவுள் செஞ்சதுன்னு நெனச்சிக்கலாம். ஊசி போட்டு ஏதாச்சும் ஆனா? அது நாம செஞ்சது. நாம தூக்கிட்டுப் போய் நீட்டினது. அதை வெச்சுக்கிட்டு நான் எப்படி வண்டி ஓட்டுவேன்?"

எனக்குக் கோபம் போகவில்லை. ஆனால் இவ்வளவு வருஷம் கூடப் படுத்த மனுஷன் இவ்வளவு பயந்தவன் என்று எனக்குத் தெரியாமல் போனதே என்று அதைவிட அதிகமாக வலித்தது.

செலேபா சொன்னாள், "நீட்டாம இருக்கறதும் நாம செய்யறதுதான்டா. நானும் இத்தனை நாள் அதைத்தான் செஞ்சேன். நட."

ரோட்டுக்கு வரவும், அந்தக் கோடியிலிருந்து வண்டி திரும்பவும் சரியாக இருந்தது. இனிமேல் துணியைக் கட்ட நேரமில்லை. பிள்ளையைச் சுற்றின துணியோடு அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டின் நடுவில் நின்றேன். வண்டி நின்றது.

இறங்கின நர்சுக்கு என் வயதுதான் இருக்கும். தூங்கிப் பல நாளான கண். பிள்ளையைப் பார்க்கக் கையை நீட்டியவளை செலேபா மறித்தாள்.

"முதல்ல பாட்டிலக் காட்டும்மா."

"அக்கா, நேரமில்ல, இன்னும் ரெண்டு ஊரு..."

"பொடி எது, கலக்கற தண்ணி எது? மேல எழுதியிருக்கறத வாசி. கெட்டியா வாசி."

நர்ஸ் என்னைப் பார்த்தாள். நான் செலேபா பக்கம் நகர்ந்து நின்றேன். அந்த ஒரு தடவை செலேபாவின் சந்தேகம் எனக்கும் சேர்த்து வேலை செய்தது. நர்ஸ் பெருமூச்சு விட்டு, இரண்டு சின்னப் பாட்டில்களையும் எடுத்து, எழுதியிருந்ததை ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். செலேபா வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முகர்ந்துகூடப் பார்த்தாள்.

"பூனை இருந்தா அதுக்கும் போடச் சொல்லுவா" என்று நெமீயா முணுமுணுத்தான். அவன் உதடு நடுங்கிக்கொண்டிருந்தது.

"எல்லா ஊர்லயும் உங்கள மாதிரி ஒரு அக்கா இருக்காங்க" என்றாள் நர்ஸ், கலக்கிக்கொண்டே. "இல்லாத ஊருக்குப் போனாத்தான் எனக்குப் பயமா இருக்கு."

செலேபா சட்டைக் கையை மேலே ஏற்றினாள். ஊசி இறங்கியபோது முகம் சுளிக்காமல், தன் கையையே சந்தேகக் கைதியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்தது எனக்கு. பிறகு மெலேயின் முறை வந்தது.

"பிள்ளைய யாராச்சும் கெட்டியாப் பிடிச்சுக்கணும். கை அசையக்கூடாது" என்றாள் நர்ஸ்.

நான் மெலேயை இறுக்கிக்கொண்டேன். செலேபா கையை நீட்டினாள். அதற்குள் நெமீயா முன்னால் வந்துவிட்டான்.

"குடு" என்றான். "நான் பிடிக்கறேன்."

நான் தயங்கினேன். தூக்கிக்கொண்டு ஓடிவிடுவானோ என்று நிஜமாகவே நினைத்தேன். அவன் மலைப்பாதையைப் பார்க்கவில்லை, பிள்ளையின் கையைத்தான் பார்த்தான். கொடுத்தேன். அவன் கண்ணைக்கூட மூடிக்கொள்ளவில்லை. மெலே அலறினாள், அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு அசையாமல் பிடித்திருந்தான். அவனுக்கும் போட்டுவிட்டுப் போகும்போது நர்ஸ் சொன்னாள், ஒரு வாரம் பத்து நாளில் காய்ச்சல் வரலாம், பெரும்பாலும் தானாகப் போய்விடும், பிள்ளை சோர்ந்து போனாலோ மூச்சு வாங்கினாலோ உடனே கொண்டு வாருங்கள் என்று.

காய்ச்சல் சொன்னபடியே வந்தது. நாலு வீடு தள்ளியிருந்த வீட்டில் அதற்குள் இரண்டு பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். எங்களுடையது ஊசிக் காய்ச்சலா, ஊசிக்கு முன்பே நெமீயா சாவு வீட்டிலிருந்து கொண்டுவந்த அம்மையா? அதைச் சொல்ல யாராலும் முடியவில்லை. நான் காதுக்குப் பின்னால் பார்த்தேன், வயிற்றைப் பார்த்தேன், திரும்பக் காதைப் பார்த்தேன். செலேபா பாய் முடைவதை விட்டுவிட்டுப் பிள்ளையின் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தாள். நெமீயா மெலேயை மடியில் போட்டுக்கொண்டு, நெற்றியில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தான். ஒரு சிரிப்புப் பேச்சு இல்லை, ஒரு பாட்டு இல்லை. அவனுடைய மொக்கை ஜோக்குக்காக நான் ஏங்குவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

ஒரு தடவை அவன் தலையைத் தூக்கி மலைப்பாதைப் பக்கம் பார்த்தான். செலேபா எழுந்து, தன் பாயைத் தூக்கிக்கொண்டு போய், அந்தப் பாதை தொடங்கும் இடத்தில் விரித்து உட்கார்ந்தாள்.

"போகமாட்டேன்க்கா" என்றான் அவன்.

"தெரியும். இங்க காத்து நல்லா வருது, அதான்."

நானும் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். துணி காணாமல் போன அன்று காலையில் நான் பேசின பேச்சை அவள் யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம்கூட.

மூன்றாம் நாள் காலை, கறிப்பலாவைச் சுட்டு எடுத்துக்கொண்டிருந்தபோது நெமீயா கூப்பிட்டான்.

"சூடு இல்ல."

"என்ன?"

"நெத்தியில சூடு இல்ல. வேர்த்திருக்கு."

செலேபா எழுந்தாள். "தள்ளு, காட்டு." அவன் கையை விலக்கித் தன் கையை வைத்துப் பார்த்தாள். புறங்கையைத் திருப்பி இன்னொரு தடவை வைத்துப் பார்த்தாள். தலையை மட்டும் ஆட்டினாள். நான் அவளையும் நம்பவில்லை. அவள் கைக்கு அடியில் என் கையை நுழைத்தேன். நெற்றி ஓடைக்கல் மாதிரிக் குளிர்ந்திருந்தது.

நெமீயா மறுபடியும் தன் கையைக் கொண்டுவந்து எங்கள் கைகளுக்கு மேல் வைத்தான். அவ்வளவு சின்ன நெற்றியில் மூன்று பேர் கை. மெலே முழித்துக்கொண்டு எங்களை ஒவ்வொருவராக முறைத்துப் பார்த்துவிட்டு, எல்லாக் கைகளையும் தள்ளிவிட்டுப் பலாவுக்குக் கையை நீட்டினாள்.